வழிக்காத மரக்கால்

கல்லூரிக்கு மலர் போடுகிறார்களாம். இதுவரை இருந்த முதல்வர்களைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று, இப்போது அங்கே வேலை பார்க்கிற விரிவுரையாளர் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். "உங்களை விட்டா பழைய ஆளு யாரும் இல்லைங்க மேடம்" என்றாள். மூஞ்சிக்கு நேரே பழைய ஆள் என்றால் யாருக்குத்தான் இனிக்கும்? காபி கொடுத்து, சரி பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தேன். அவள் விட்டுப்போன முந்தைய மலரைப் புரட்டினால், முதல்வராக இருந்த கன்னியாஸ்திரீகளில் முதல் மதருக்கு ஒரு முழுப் பக்கம், இரண்டாவது மதருக்கு ஒரு முழுப் பக்கம், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் கட்டிய கட்டடத்தோடு படம். மூன்றாவது மதருக்கு மட்டும் ஒரே வரி: சில மாதங்கள் பொறுப்பில் இருந்தார். படம்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தச் சில மாதங்கள் இல்லாவிட்டால் நான் பி.ஏ.வும் இல்லை, மேடமும் இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் யார் வீட்டிலோ இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆகவே அந்த ஒரு வரியைத்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

எங்கள் கல்லூரி பிறந்தது ஒரு நெல் கிடங்கில். குடவாசலிலிருந்து கிழக்கே போகிற சாலையில், வாய்க்கால் கரையோரம் இருந்த எங்கள் வீட்டுக் கிடங்கு அது. என் அத்தை தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோது, மழையில் நனைந்துகொண்டு வந்து காப்பாற்றியவர்கள் கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள். அப்பாவுக்கு நன்றியை வாயால் சொல்லத் தெரியாது. "கிடங்கை எடுத்துக்குங்க, பின்னாடி இருக்கிற வயலையும் எடுத்துக்குங்க, பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு காலேஜ் வைங்க" என்று சொல்லிவிட்டார். பத்திரம் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார். எங்கள் பக்கத்தில் பிறகு என்றால் அது பிறகுதான்.

நெல் போன பிறகும் அந்தச் சுவர்களை விட்டு நெல்லின் சூடு போகவில்லை. மத்தியானத்தில் உள்ளே உட்கார்ந்தால், அவித்த நெல் மாதிரி ஒரு வாசனை காலடியிலிருந்து எழும்பிக் கண்ணிமையைப் பிடித்து இழுக்கும். பொருளாதார வகுப்பில் விலைவாசி ஏற ஏற எங்கள் தலை இறங்கும். உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல்கள் வழியாக வெயில் கோடு கோடாக விழும். அதில் பழைய தவிட்டுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் எனக்கு நல்ல தூக்கம் என்றால் அது அந்தக் கிடங்கில்தான். கனவில் பாதி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பாடம் நடத்துகிறார்கள், என்ன பாடம் என்றுதான் தெரிவதில்லை.

முதல் மதர் வெள்ளைக்காரர். பெல்ஜியம் என்பார், ஊரில் பலருக்கு அது கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. அவர் வந்த முதல் ஆடியில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாய்க்கால் பக்கம் யாரோ "தண்ணி வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தார்களாம். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர், வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் அந்த வருஷத்துக்கு முதல்முதலாக வருகிற நேரம். பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மதர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். போய்ப் பார்த்தால் நெருப்பு இல்லை, தண்ணீர். காலி வாளியோடு கரையில் நின்றவர், அடுத்த வருஷத்திலிருந்து அதற்கு ஒரு மணி அடிக்கச் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய பெரிய வெண்கல மணி அது. மற்ற நாளெல்லாம் செபத்துக்கும் வகுப்புக்கும் அடிக்கும். ஆடியில் ஒருநாள் தண்ணீருக்கு அடிக்கும். அன்றைக்குப் பாடம் கிடையாது.

தண்ணீர் ஓடி வரும் என்று நினைக்காதீர்கள். ஊர்ந்துதான் வரும். முன்னால் நுரை, சருகு, காய்ந்த புல், செத்த வண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கும், நிரம்பும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் அடுத்த அடி வைக்கும். கரையில் நாங்கள் அதன் கூடவே நடப்போம். மடத்துச் சிஸ்டர்களும் வெள்ளை அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள்.

நிலம் கொடுத்த வீட்டுக்கு மரியாதை என்று முதல் மதர் இன்னொரு வழக்கமும் வைத்தார். தை மாதம் கல்லூரி வயலில் அறுத்த புது நெல்லில் ஒரு மரக்கால் எங்கள் வீட்டுக்கு வரும். முதல்வர் யாரோ அவரே கொண்டுவந்து, கூடத்துப் பாயில் அளந்து கொட்ட வேண்டும். அம்மா தட்டில் பழம் வைத்துக் கொடுப்பாள். வெள்ளைக்கார மதர் போய்விட்டார். அடுத்து வந்த திருச்சி மதரும் அதை விடாமல் செய்தார். அவர் கண்டிப்பானவர். கல்லூரிக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் வாங்கியதும், கூரையை மாற்றியதும், எங்களை நிமிர்ந்து உட்கார வைத்ததும் அவர்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மரக்கால் ஒன்று, அளவு இரண்டு. குத்தகை நெல் வீட்டுக்குள் வரும்போது மரக்காலில் குவித்து அளப்பார்கள். களத்தில் ஆட்களுக்குக் கூலி போகும்போது, எங்கள் காரியஸ்தர் உள்ளங்கையால் விளிம்போடு ஒரு வழி வழித்துவிட்டு அளப்பார். "உள்ள வர்றதை வழிச்சா லட்சுமியை வாசல்ல தள்ளின மாதிரி" என்பாள் அம்மா. வெளியே போவதைக் குவித்தால் லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாளாம். ஊரில் எல்லா மிராசுதார் வீட்டிலும் இதே கதைதான். அதில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பொழுது விடிவது மாதிரி அது பாட்டுக்கு நடந்தது.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது, ஐப்பசி மழையில் திருச்சி மதருக்கு மஞ்சள் காமாலை கண்டது. திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாகத்தான் மூன்றாவது மதர் வந்தார்.

கார்த்திகையில் ஒருநாள், மழை பிடித்துக்கொண்டு அடிக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த பஸ் கல்லூரி வாசலில் நின்றது. ஒரு தகரப் பெட்டி இறங்கியது, அதற்குப் பின்னால் முழங்கால் வரை நனைந்த அங்கியோடு ஒரு சிஸ்டர். ஒல்லி, நல்ல கறுப்பு, முன்பல் கொஞ்சம் எடுப்பு. வாட்ச்மேன் ஏதோ புதுச் சமையல்கார சிஸ்டர் என்று நினைத்துப் பின்பக்கம் போகச் சொல்லியிருக்கிறார். அவரும் போயிருக்கிறார். சமையல்கட்டில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்துவிட்டு, "பிரின்சிபால் ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். இரண்டு நாள் கல்லூரி பூராவும் சிரித்துக் கிடந்தோம்.

வேதாரண்யம் பக்கத்தில் உப்பளத்துக் குடும்பம். அப்பனும் ஆத்தாளும் உப்பு வாரினவர்கள் என்று அவரே சொன்னார், ஒளித்து வைக்கவில்லை. "உப்பு வார்ற வீட்டுப் பொண்ணு காலேஜுக்கு மதரா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றார் அப்பா. அப்பாவுக்கு எதையும் இரண்டு தடவை சொன்னால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மார்கழிப் பனியில் விடியற்காலை வாய்க்கால் கரையில் நடப்பார். பனியும் வெள்ளை, அங்கியும் வெள்ளை. செருப்புச் சத்தம் மட்டும் வரும், ஆள் இருக்க மாட்டார், பிறகு திடீரென்று ஒரு கறுத்த முகமும் சிரிப்பும் மட்டும் மிதந்து வரும். ஒருநாள் தண்ணீர் மணியைப் பற்றி அவரிடம் சொன்னேன். நின்றுவிட்டார்.

"எங்க ஊர்ல தண்ணிய வத்த வைக்கிறதுதான் பொழப்பு. இங்க தண்ணி வந்தா மணி அடிப்பீங்களா?"

"ஆமா மதர். எல்லாரும் போய்ப் பாப்போம்."

"ஆடியில நான் எங்க இருந்தாலும் என்னை வந்து கூப்பிடணும், சரியா? மறந்துடாதே."

சத்தியமாகக் கூப்பிடுகிறேன் என்றேன்.

அந்த வருஷங்களில் ஊர் ஒரு மாதிரி இருந்தது. ஆட்சி மாறியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் கறுப்பு சிவப்புக் கொடி, ஒலிபெருக்கியில் ரூபாய்க்குப் படியரிசிப் பேச்சு. வயல் வரப்புகளில் செங்கொடி. அறுவடைக் கூலியில் கலத்துக்கு, அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, அரை மரக்கால் கூடக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் நின்றார்கள். முடியாது என்று மிராசுதார் சங்கம் நின்றது. எங்கள் ஊருக்கு அந்தச் சங்கத்தின் தலைவர் அப்பா. சில ஊர்களில் போலீஸ் நின்றுதான் அறுப்பு நடந்தது. கிழக்கே ஒரு ஊரில் கூலி கூடக் கேட்டவர்களின் குடிசைகள் எரிந்துபோனதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தை பிறந்தது. கல்லூரி வயலும் முற்றிவிட்டது. மதர் அப்பாவிடமே வந்து, கூலி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அப்பா பழைய கூலியைச் சொன்னார். "அதுக்கு மேல ஒரு மரக்கால் கூடாதுங்க மதர். நீங்க எறங்கினா ஊரே எறங்கணும்" என்றார். "சரிங்க ஐயா" என்று போனார் மதர்.

திருச்சி மதர் காலத்தில் எங்கள் காரியஸ்தரே கல்லூரிக் களத்திலும் அளந்து கொடுத்துவிடுவார். இவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கூலி என்பது கொடுக்கிறவர் கையால் கொடுக்க வேண்டியது என்று தானே மரக்காலை வாங்கிக்கொண்டார். "எகனாமிக்ஸ் படிக்கிறீங்கல்ல, வந்து பாருங்க" என்று எங்கள் வகுப்பையும் களத்துக்குக் கூட்டிப்போனார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்று சொல்ல வேண்டும் என்று காரியஸ்தர் சொல்லிக் கொடுத்தார். மதர் அழகாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வழிக்க வேண்டும் என்று மட்டும் காரியஸ்தர் சொல்லவில்லை. அதை யார் போய்ச் சொல்வார்கள்? சோற்றை வாயில்தான் போட வேண்டும் என்று யாராவது சொல்லித் தருவார்களா?

உப்பை வழித்து அளக்கிற வழக்கம் மதரின் ஊரில் இல்லை. உப்பு என்றால் குவித்துத்தான். அவர் கை அதையே செய்தது. மரக்காலை நெல்லுக்குள் அழுத்தி அள்ளினார், மேலே இன்னும் இரண்டு கை வாரிப் போட்டார், கோபுரமாக நின்றது. "லாபம்" என்றார். முன்னால் கூடையைப் பிடித்திருந்த பெண் கூடையை நீட்டவே இல்லை. அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிடிம்மா, சிந்துது பாரு" என்றார் மதர்.

காரியஸ்தர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். கன்னியாஸ்திரீ கையில் இருக்கிற மரக்காலில் அவர் எப்படிப் போய்க் கை வைப்பார்? மூன்றாவது தடவை செருமியதும் மதர் திரும்பி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பரிவோடு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்த கூடைகளையும் அதைப் பிடித்திருந்த முகங்களையும் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு உள்ளேயே நின்றுபோயிற்று. எண்ணிக்கை அப்பா சொன்ன எண்ணிக்கைதான். ஒரு மரக்கால் கூட இல்லை. எல்லாம் அந்தக் கோபுரத்தில்தான் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலையில் எந்தக் களத்துக்குப் போனாலும் ஆட்கள் கேட்டது ஒன்றுதான்: "கூலி நீங்க சொன்ன கூலியே இருக்கட்டும். காலேஜ் அளவுல அளந்து போடுங்க." தாங்கள் சொன்ன கூலியையே மிராசுதார்கள் எப்படி மறுப்பார்கள்? அரை மரக்காலுக்காக அத்தனை நாள் முட்டிக்கொண்டார்கள். அந்த அரை மரக்கால் குவியலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "நான் குடுத்த நிலம். நான் குடுத்த கிடங்கு. என் கண்ணையே குத்திட்டாங்க" என்று கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மதர் எல்லோர் முன்னிலையிலும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மீதி இருக்கிற வயலுக்கு வழித்து அளக்க வேண்டும். அதுவரை எந்த மிராசுதார் வீட்டுப் பெண்ணும் கல்லூரிக்குப் போகக் கூடாது.

எனக்குப் பங்குனியில் கடைசிப் பரீட்சை. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு வரன் தயாராகக் காத்திருந்தது. பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று அம்மாதான் தள்ளிக்கொண்டே வந்தாள். இப்போது பரீட்சையே இல்லை என்றால் தள்ள என்ன இருக்கிறது? மாசியிலேயே முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். பிடிவாதத்தில் நான் அப்பாவுக்கு மகள்தான், ஆனால் அவர் அப்பா ஆயிற்றே.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வகுப்பு முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. தொழிலாளர் வீட்டுப் பெண்கள் சிலர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மதர் கடைசிப் பெஞ்சில் தனியாக இருந்தார். ஜன்னல் வெயில் அவர் மடியில் விழுந்திருந்தது, அதில் அந்தத் தவிட்டுத் தூசி.

"தெரியாம செஞ்சேன்னு சொல்லிடுங்க மதர்" என்றேன், உட்காராமலேயே.

"தெரியாமத்தான் செஞ்சேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்? சொல்லிடுறேன்."

"அப்ப வழிச்சும் அளந்துடுங்க. எனக்குப் பரீட்சை இருக்கு. இல்லைன்னா கட்டிக் குடுத்துடுவாங்க."

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அந்தக் கூடையப் பிடிச்ச பொண்ணு மொகத்தைப் பாத்தியா? நானும் பாத்துட்டேனே. தெரியாம குவிச்சேன், சரி. தெரிஞ்சுக்கிட்டு எப்படிம்மா வழிக்கிறது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்களுக்கென்ன மதர், மாத்தல் வந்தா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்க. நான் எங்க போறது?" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்டுல எல்லாத்தையுமே வழிச்சுத்தான் அளப்பீங்களா?"

"கூலிக்கு வழிப்போம். வீட்டுக்குள்ள வர்றதை வழிக்க மாட்டாங்க மதர், அது ஆகாது. அதைக் குவிச்சுத்தான் அளக்கணும்."

"ஒரே மரக்காலா?"

"ஒரே மரக்கால்தான்."

"ஓ" என்றார். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகங்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாழ்க்கை முடிந்துபோயிற்று என்று வாய்க்கால் கரை முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வருஷ மரியாதை நெல் கொண்டுவருகிற நாள். முந்தைய மதர்கள் மாட்டுவண்டியில் வருவார்கள். இவர் உப்பளத்தில் சுமந்த பழக்கமோ என்னவோ, நெல்லுக்கூடையைத் தலையில் வைத்து, அதன் மேல் மரக்காலைக் கவிழ்த்து, தெருவோடு நடந்தே வந்தார். வெள்ளை அங்கி, தலையில் கூடை, ஒரு கை மட்டும் லேசாக மேலே. தெருவில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அந்த நடையை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

மதர் இறங்கி வருகிறார் என்று நினைத்து அப்பா சங்கத்துக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார். கூடம் நிறைய மேல்துண்டுகள். நானும் அம்மாவும் உள்வாசல்படியில் நின்றோம். மதர் கூடையை இறக்கி வைத்தார்.

"அன்னைக்கு நான் குவிச்சு அளந்தது தெரியாம செஞ்சதுதான். எங்க ஊர்ல வழிக்கிற பழக்கம் இல்லை. எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றார்.

அப்பா முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அவ்வளவுதாங்க மதர். மனுஷருக்குத் தவறு சகஜம். மீதி வயலுக்கு வழிச்சு அளந்துட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சுது."

மதர் தரையில் மண்டியிட்டார். மரக்காலில் நெல்லை அள்ளினார். மேலே வாரி வாரிப் போட்டுக் கோபுரமாக்கினார். இரண்டு கையாலும் ஏந்தி, சிந்தாமல் எழுந்து, அப்பாவுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினார்.

"எனக்கு வழிக்கக் கை வரமாட்டேங்குதுங்க ஐயா. நீங்க ஒரு தடவை வழிச்சுக் காட்டுங்க. அதே மாதிரி களத்துல நானும் செய்றேன்."

கிண்டல் இல்லை, சவால் இல்லை. பிள்ளைகள் சிலேட்டை நீட்டுவது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா கையைத் தூக்கினார். கூலி அளக்கிறபோது காரியஸ்தர் கை வருமே, அதே மாதிரி உள்ளங்கை விளிம்புக்கு வந்தது. என் பரீட்சை, என் கல்யாணம், எல்லாம் அந்தக் கைக்குக் கீழே நின்றது. வழித்துவிடட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். வழித்துவிட்டால் மதரும் வழிப்பார், நான் கல்லூரிக்குப் போகலாம்.

என் பக்கத்தில் நின்ற அம்மா தணிந்த குரலில், "உள்ள வர்ற நெல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி வேட்டியில் துடைத்துக்கொண்டது. கூடத்தில் இருந்தவர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் உத்தரத்தைப் பார்த்தார். வழியுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லோர் வீட்டுக்குள்ளும் தை மாதம் நெல் வருகிறதே.

"பாயில கொட்டுங்க மதர்" என்றார் அப்பா.

மதர் கொட்டினார். அம்மா வழக்கம்போல் தட்டில் பழம் வைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, காலிக் கூடையோடு போனார். மேல்துண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. மறுநாள் காலையில் வாசலில் வண்டி பூட்டி நின்றது. "பரீட்சைக்கு நாள் இருக்குல்ல? போ" என்று திண்டில் சாய்ந்தபடியே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். நான் போனேன். என்னைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். மீதி வயலுக்கு மதர் குவித்தேதான் அளந்தார்.

பரீட்சை எழுதினேன். எந்தக் கேள்விக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் இல்லை. கிடங்கின் சூடும், நடுநடுவே வந்து போன மதரின் செருப்புச் சத்தமும் ஞாபகம் இருக்கிறது. சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்பாவை விட்டுவிட்டு மற்றவர்கள் போய் மடத்து மேலிடத்தில் பேசினார்கள். வைகாசியில் மதருக்கு மாற்றல் வந்தது. எங்கள் கல்லூரியில் மதர்களுக்கு வழியனுப்பு விழா கிடையாது. கீழ்ப்படிதல் என்பார்கள், உத்தரவு வந்தால் மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறிவிட வேண்டும். விடுமுறையாக இருந்ததால் எங்களுக்குச் செய்தியே போன பிறகுதான் தெரியும். அவர் படம் இல்லாததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. எடுக்கிற அளவுக்கு அவரை இருக்க விடவில்லை.

நான் தேறிவிட்டேன். திருக்காட்டுப்பள்ளிப் பேச்சை அப்பா மறுபடி எடுக்கவே இல்லை. அதே கல்லூரியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்ல என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆடியில் ஒருநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. பெண்கள் எழுந்து ஓடினார்கள், நானும் ஓடினேன். தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வந்தது. எங்கே இருந்தாலும் கூப்பிடு என்றாரே, எங்கே என்று போய்க் கூப்பிடுவது? எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் மாணவிகள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் கரையில் நின்று அழுதேன்.

பின்னால் அரசாங்கமே கூலி நிர்ணயித்தது, மரக்கால் போய்க் கிலோ வந்தது, குவிப்பதும் வழிப்பதும் பேச்சில் இல்லாமல் போயிற்று. அதற்கு முன்னால் ஒரு தை வந்தது. அவர் போன பிறகு வந்த முதல் தை. எங்கள் வீட்டுக் களத்தில் அறுப்பு முடிந்து கூலி அளக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் அங்கே இருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் கூடைகளோடு நின்றார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. காரியஸ்தர் மரக்காலை அள்ளினார், நெல் குவிந்து நின்றது, பழக்கத்தில் உள்ளங்கையை விளிம்புக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஐயா, வழிக்கவா?"

அப்பா எழுந்தார். களத்தைத் தாண்டி நடந்துபோய், வாய்க்கால் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தை மாத வாய்க்கால், கணுக்கால் அளவுத் தண்ணீர், பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

"ஐயா?" என்றார் காரியஸ்தர் மறுபடியும்.

"நான் தண்ணியப் பாத்துக்கிட்டிருக்கேன்ல?" என்றார் அப்பா.

காரியஸ்தர் கையை எடுத்துக்கொண்டு, "லாபம்" என்றார். கடைசிக் கூடை அளந்து முடிகிறவரை அப்பா திரும்பவே இல்லை.